இலவச ஸ்கேன் என்ற கடைவாசல்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லாத நேரத்தில் வாசியுங்கள்.

2004ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுக் கணினியில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று சீடி தட்டு தானாக வெளியே வருகிறது. யாரும் கை வைக்கவில்லை. திரையில் ஓர் எச்சரிக்கை விழுகிறது. உங்கள் சீடி தட்டு திறந்திருக்கிறதா, அப்படியென்றால் உங்கள் கணினிக்குள் உளவு மென்பொருள் புகுந்திருக்கிறது, உடனே இதை வாங்கித் துப்புரவு செய்யுங்கள் என்று. வாங்கச் சொன்ன பொருளின் பெயர் ஸ்பை வைப்பர். விலை சுமார் 30 டொலர்.

தட்டைத் திறந்துவிட்டது யார் என்று தேடிப் போனால், மருந்து விற்கிற அதே ஆள்.

இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு. வியாபாரிகள் மக்களை ஏமாற்றினால் மக்கள் சார்பில் வழக்குப் போடுகிற அரச நிறுவனம் அது. 2004 ஒக்டோபரில் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள சமஷ்டி நீதிமன்றத்தில் அது தாக்கல் செய்த முறைப்பாட்டில் நடந்ததெல்லாம் வரிசையாக இருக்கிறது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் இருந்த ஓட்டைகள் வழியாகக் கணினிக்குள் நுழைவது, முகப்புப் பக்கத்தை மாற்றிவிடுவது, விளம்பரச் சாளரங்களை மழைபோலக் கொட்டுவது, கடைசியில் அந்தத் தொல்லைக்கே தீர்வு என்று ஸ்பை வைப்பரையும் ஸ்பை டிலீட்டரையும் விற்பது. பிரதான பிரதிவாதி சான்ஃபோர்ட் வொலஸ். புதிய ஆள் இல்லை. 90களில் கேட்காதவர்களுக்கெல்லாம் விளம்பர மின்னஞ்சல் அனுப்பி ‘ஸ்பேம்ஃபோர்ட்’ என்று பட்டப்பெயர் வாங்கியவர். அவரும் அவருடைய நிறுவனமும் 40 இலட்சம் டொலருக்கு மேல் கட்டவேண்டும் என்று 2006இல் தீர்ப்பு வந்தது. மனிதர் அதோடும் நிற்கவில்லை. பேஸ்புக்கில் ஸ்பேம் பரப்பிய வேறொரு வழக்கில் 2016இல் இரண்டரை வருடச் சிறைத்தண்டனை பெற்றார்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன், கணினி ஆசிரியர் அல்ல. இருந்தும் இதை எழுதுவதற்குக் காரணம் எங்கள் பெற்றோர் வட்ஸ்அப் குழுமம். மாதத்துக்கு ஒரு தடவையாவது அதில் ஒரு ஃபோர்வர்ட் வருகிறது. ‘உங்கள் போனை யாரோ உளவு பார்க்கிறார்கள், இந்த எப்பைப் போட்டு இலவசமாக ஸ்கேன் பண்ணிப் பாருங்கள்’ என்று. பிறகு யாராவது ஒரு பிள்ளையின் உம்மா தனியாகக் கேட்பார்: “சேர், போட்டுப் பார்த்தேன், 14 பிரச்சினை இருக்காம். காசு கட்டினாத்தான் எடுக்கலாமாம். கட்டவா?” அந்த 14 எங்கிருந்து வந்தது என்பதற்கு இருபது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆரம்பம் மோசமானதல்ல. 2000ஆம் ஆண்டில் ஸ்டீவ் கிப்சன் என்ற அமெரிக்க நிரலாளர், தன் கணினிக்குள் தனக்குத் தெரியாமலே ஒரு விளம்பர மென்பொருள் குந்தியிருப்பதைக் கண்டுபிடித்தார். இலவசமாகக் கிடைத்த வேறொரு நிரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது அது. அதை நீக்குவதற்கு ஒப்ட்அவுட் என்று சின்னதாக ஒரு கருவி எழுதி, அதை இலவசமாகவே விட்டார். அதே காலத்தில் லாவாசொஃப்ட் நிறுவனத்தின் அட்-அவெயார் வந்தது. கொஞ்ச நாளில் ஜெர்மனியிலிருந்து பட்ரிக் கொல்லா என்ற இளைஞர் எழுதிய ஸ்பைபொட் வந்தது. கொல்லா காசு கேட்கவில்லை, விரும்பியவர்கள் நன்கொடை தரலாம் என்றார். மென்பொருளின் உரிமப் பத்திரத்திலேயே அதை ஒரு பெண்ணுக்கு அர்ப்பணம் செய்து எழுதியிருந்தார். இந்த வரலாற்றில் சிரிக்க வைக்கிற இடங்கள் குறைவு, அதனால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

இந்த இலவசக் கருவிகள்தான் ஸ்கேன் பண்ணுவது என்ற பழக்கத்தை மக்களிடம் உண்டாக்கின. ஒரு பொத்தானை அழுத்துவீர்கள். ஒரு பட்டை இடமிருந்து வலமாக நகரும். கோப்புகளின் பெயர்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடும். கடைசியில் சிவப்பு எழுத்தில் ஒரு எண் வரும். நேர்மையான கருவிக்குப் பின்னால் உண்மையான வேலை நடக்கிறது. தெரிந்த உளவு மென்பொருள்களின் அடையாளங்கள் அடங்கிய பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கும். கணினியிலுள்ள கோப்புகளையும் பதிவேட்டையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஆனால் கதிரையில் இருக்கிறவருக்கு அந்த ஒப்பீடு தெரியாது. நகர்கிற பட்டையும் கடைசியில் வருகிற எண்ணும்தான் தெரியும். பட்டியலே இல்லாமல் பட்டையை மட்டும் ஓடவிட்டு, விரும்பிய எண்ணைக் காட்டினாலும் அவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

இரத்தப் பரிசோதனை செய்கிற ஆய்வுகூடமும் மருந்துக் கடையும் ஒரே ஆளுடையது, பரிசோதனை இலவசம், மருந்துக்கு மட்டும் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்குப் போன யாருக்காவது ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று அறிக்கை கிடைக்குமா?

2005 மார்ச்சில் ஆணைக்குழு வழக்குத் தொடர்ந்த ஸ்பைவெயார் அசாசின் விஷயத்தில் நடந்தது இதுவேதான். வொஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரிலிருந்து இயங்கிய ஒரு சிறிய நிறுவனம். உங்கள் கணினியைப் பரிசோதித்துவிட்டோம், உளவு மென்பொருள் இருக்கிறது என்று முதலில் விளம்பரம் வரும். பிறகு இலவச ஸ்கேன். அதுவும் ஆம், இருக்கிறது என்று சொல்லும். துப்புரவாக இருந்த கணினியிலும் அதே பதில். நீக்க வேண்டுமென்றால் 29.95 டொலர். காசு கட்டியவர்களுக்குக் கிடைத்த மென்பொருள், சொன்னபடி உளவு மென்பொருளை நீக்கவும் இல்லை என்றது ஆணைக்குழு. அதே வருடம் டெக்சாஸின் ஹூஸ்டனிலிருந்து இயங்கிய ஸ்பைகில்லர் மீதும் வழக்கு வந்தது. கணினியில் அந்நேரம் ஓடிக்கொண்டிருந்த சாதாரண நிரல்களைக்கூட அது உளவுப் பட்டியலில் சேர்த்துக் காட்டியது. 2006 ஜனவரியில் இரண்டு தரப்பும் சேர்ந்து ஏறக்குறைய 20 இலட்சம் டொலரைத் திருப்பித்தர ஒப்புக்கொண்டன. அதில் பெரும்பகுதி ஸ்பைகில்லர் தரப்பினுடையது.

அதே 2006 ஜனவரியில் வொஷிங்டன் மாநிலச் சட்டமா அதிபர் ரொப் மெக்கென்னா இன்னொரு வழக்கைத் தொடங்கினார். நியூயோர்க் மாநிலத்திலிருந்த செக்யுவர் கம்பியூட்டர் என்ற நிறுவனத்தின் ஸ்பைவெயார் கிளீனர் மீது. விலை 49.95 டொலர். முந்தைய வருடம்தான் அந்த மாநிலம் உளவு மென்பொருளுக்கெதிரான தனிச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. பாதுகாப்புக்குத் தேவை என்று பொய் சொல்லி ஒரு மென்பொருளை நிறுவ வைப்பதும் அதன்படி குற்றம். அந்தச் சட்டத்தின் கீழ் வந்த முதல் வழக்கு இது. மைக்ரோசொஃப்ட்டும் பக்கத்தில் தனியாக ஒரு வழக்குப் போட்டது. இலவச ஸ்கேன் எப்போதும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிக்கும். காசு கட்டி வாங்கிய பதிப்போ உண்மையான உளவு மென்பொருள் இருக்கிற கணினியில் அதைக் காணாது. போதாததற்கு, சில தீய தளங்களைத் தடுத்துவைக்க உதவுகிற ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பிலிருந்த பதிவுகளை அழித்து, கணினியை முன்பைவிடப் பலவீனமாக்கியது என்பது சட்டமா அதிபரின் குற்றச்சாட்டு. அந்த வருட இறுதியில் 10 இலட்சம் டொலருக்கு வழக்கு முடிந்தது. அதில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது 75,000 டொலர். மிச்சத்தில் பெரும்பங்கு சட்டச் செலவுக்குப் போனது. இதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதுவரை சொன்னவர்கள் கள்ளர்கள். கள்ளர்களின் கதை மட்டும் என்றால் இந்தப் பதிவு இத்தோடு முடிந்துவிடும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மரியாதையான நிறுவனங்கள் இதே காலத்தில் செய்தது.

2004இன் முதல் மூன்று மாதங்கள். இணைய இணைப்பு வழங்கும் பெரிய அமெரிக்க நிறுவனம் எர்த்லிங்க். ஸ்பை ஸ்வீப்பர் என்ற உளவு நீக்கி மென்பொருளை விற்ற நிறுவனம் வெப்ரூட். இரண்டும் சேர்ந்து ஸ்பைஓடிட் என்ற இலவச ஸ்கேனை மக்களுக்குக் கொடுத்தன. 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்கேன்கள் நடந்தன. முடிவை அறிக்கையாக வெளியிட்டார்கள். மொத்தம் சுமார் 2 கோடியே 95 இலட்சம் உளவுப் பொருள்கள், சராசரியாக ஒரு கணினிக்கு ஏறத்தாழ 28. அந்த 28 உலகமெங்கும் தலைப்புச் செய்தியாகப் போனது. உங்கள் கணினிக்குள் 28 உளவாளிகள் என்று வாசித்தால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது?

ஆனால் அறிக்கையின் அட்டவணையைப் பார்க்க வேண்டும். அந்த 2 கோடியே 95 இலட்சத்தில் சுமார் 2 கோடியே 38 இலட்சம், அதாவது நூற்றுக்கு எண்பது, விளம்பரக் குக்கிகள். குக்கி என்பது ஓர் இணையத்தளம் உங்கள் கணினியில் விட்டுச்செல்கிற சின்ன எழுத்துக் கோப்பு. அது தானாக ஓடாது, கடவுச்சொல்லைத் திருடாது, சீடி தட்டைத் திறக்காது. நீங்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பதை விளம்பர நிறுவனங்கள் தொடர்வதற்கு அது உதவுகிறது. அது பிடிக்காவிட்டால் உலாவியிலேயே அழித்துவிடலாம், காசு தேவையில்லை. உண்மையிலேயே பயப்பட வேண்டியவை, அதாவது விசை அழுத்தங்களைப் பதிவு செய்கிற கண்காணிப்பு நிரல்களும் ட்ரோஜன்களும், அதே அட்டவணையில் தலா 1 இலட்சத்து 84 ஆயிரம் அளவில் இருந்தன. ஒரு கணினிக்கு 28 அல்ல. ஒவ்வொரு வகையிலும் ஏறக்குறைய ஆறு ஸ்கேனுக்கு ஒன்று.

யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். குக்கிகளை வேறாகப் பிரித்துக் காட்டியதே அவர்கள்தான். அட்டவணை சரி, கூட்டலும் சரி. ஆனால் கூட்டிய எண் விளம்பரத்துக்குப் போனது, பிரித்த எண் அட்டவணையில் தங்கியது. ஆறில் ஒன்று என்று சொன்னாலும் அது பெரிய விஷயம்தான், அரசாங்கமே கவலைப்பட வேண்டிய அளவு. ஆனால் ஆறில் ஒன்று என்று சொன்னால் மிச்ச ஐந்து பேரும் மென்பொருள் வாங்கமாட்டார்கள். அந்தக் காலத்தில் உளவு நீக்கி விற்ற பல நிறுவனங்கள் குக்கிகளையும் சேர்த்தே எண்ணின. எண்ணாத கருவி போட்டியில் பின்தங்கியது. ஒரே கணினியில் இரண்டு கருவிகளைப் போட்டு, ஒன்று 40 என்றும் மற்றது 3 என்றும் சொன்னால், வாங்குகிறவர் எதைக் கெட்டிக்காரக் கருவி என்று நினைப்பார்? கள்ளர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். பெரிய எண் விற்கும் என்பதை நல்ல கடைகளும் அறிந்திருந்தன. கள்ளர்கள் செய்ததெல்லாம் அந்த எண்ணுக்குப் பின்னாலிருந்த வேலையை மிச்சம் பிடித்ததுதான்.

இதை அந்தக் காலத்திலேயே புரிந்துகொண்டு பதிவு செய்தவர் எரிக் ஹவ்ஸ். இலினோய் பல்கலைக்கழகத்தில் பட்டப்பின்படிப்பு மாணவராக இருந்தவர். ஸ்பைவெயார் வொரியர் என்ற தளத்தில் நம்பத்தகாத உளவு நீக்கிகளின் பட்டியலை அவர் பராமரித்தார். ஒவ்வொரு கருவியையும் சோதித்துப் பார்த்து, ஏன் பட்டியலில் சேர்த்தார் என்ற காரணத்தையும் எழுதினார். இல்லாததை இருப்பதாகக் காட்டி வாங்கத் தூண்டுவது, பயமுறுத்தி விற்பது, பெயர்பெற்ற கருவிகளின் பெயரையும் தோற்றத்தையும் நகல் செய்வது, ஒரே மென்பொருளுக்குப் பெயரை மட்டும் மாற்றிப் பல தடவை விற்பது. பட்டியல் சில வருடங்களில் நூற்றுக்கணக்கான பெயர்களுக்குப் போனது. நல்ல கருவிகளைவிடக் கள்ளக் கருவிகள் பல மடங்கு அதிகமாக இருந்த காலம் அது. தேடல் தளத்தில் உளவு நீக்கி என்று தட்டினால் காசு கட்டி மேலே நிற்கிற விளம்பரங்கள் யாருடையவை என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசொஃப்ட் 2004 டிசம்பரில் ஜயன்ட் என்ற உளவு நீக்கி நிறுவனத்தை வாங்கி, அடுத்த மாதமே அந்த மென்பொருளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. பின்னாளில் அதுதான் விண்டோஸ் டிஃபென்டர். பரிசோதனைக்குப் பிறகு விற்பதற்கு எதுவும் இல்லாத ஒரு கருவி விண்டோஸோடேயே வர ஆரம்பித்தது. நியாயப்படி இத்தோடு இந்த வியாபாரம் படுத்திருக்க வேண்டும். கள்ளர்கள் அந்த டிஃபென்டரின் நிறத்தையும் கேடயத்தையும் அப்படியே நகல் எடுத்துப் போலி ஸ்கேனுக்குப் போட்டார்கள்.

அடுத்த கட்டத்தில் இது தொழிற்சாலையாகிவிட்டது. வின்ஃபிக்சர், வின்அன்டிவைரஸ், ட்ரைவ்கிளீனர், எரர்சேஃப், எக்ஸ்பி அன்டிவைரஸ் என்ற பெயர்கள் 2005க்குப் பின்னர் நெட் கஃபேயில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் ஊரிலும் இந்தச் சாளரங்கள் வந்தன. யாரும் காசு கட்டவில்லை, ஏனென்றால் யாரிடமும் கடனட்டை இல்லை. வறுமை சில நேரம் நல்ல ஃபயர்வோல். கணினியை மட்டும் மாதாமாதம் ஃபோர்மட் பண்ணினார்கள்.

இந்தப் பெயர்களுக்கெல்லாம் பின்னால் இருந்தது இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனம். பதிவு பெலிஸ் நாட்டில், அலுவலகம் உக்ரைனின் கீவ் நகரில், கூட்டாளி நிறுவனம் அமெரிக்காவின் சின்சினாட்டியில். 2008 டிசம்பரில் ஆணைக்குழு மேரிலாந்து நீதிமன்றத்தில் வழக்குப் போட்டபோது பத்து இலட்சத்துக்கும் அதிகமான பாவனையாளர்கள் ஏமாந்திருந்தார்கள் என்றது. விளம்பரம் போட்ட விதம்தான் இதில் தந்திரம். மரியாதையான நிறுவனங்களின் சார்பில் வருவதாகச் சொல்லி விளம்பர வலையமைப்புகளில் இடம் வாங்குவார்கள். விளம்பரத்துக்குள் ஒளித்துவைத்த நிரல், பார்க்கிறவரைப் போலி ஸ்கேன் பக்கத்துக்கு இழுத்துப்போகும். விளம்பரத்தைச் சரிபார்க்கிறவர் கண்ணில் மட்டும் அந்த இழுப்பு படாது.

இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2009 செப்டம்பரில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையே உதாரணமானது. வேறொரு கூட்டம், வொனேஜ் என்ற இணையத் தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம் என்று சொல்லி அந்தப் பத்திரிகையின் தளத்தில் இடம் வாங்கியது. முதலில் சரியான விளம்பரமே ஓடியது. வார இறுதி வந்ததும் அதை மாற்றி, ‘உங்கள் கணினியில் வைரஸ்’ சாளரத்தைப் போட்டுவிட்டார்கள். உலகத்தில் மிக மதிப்பான பத்திரிகையொன்றைத் திறந்தவர்களுக்குப் போலி ஸ்கேன் ஓடியது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று இந்தத் தொழிலின் கணக்குப் புத்தகத்தையே திறந்து காட்டியது. இப்படிப்பட்ட மூன்று கூட்டங்களின் சேவையகத் தரவுகள் அவர்கள் கைக்குக் கிடைத்திருந்தன. மூன்றின் மொத்த வருமானம் 13 கோடி டொலருக்கு மேல். போலி மென்பொருள் நிறுவப்பட்ட நூறு பேரில் சுமார் இரண்டு பேர்தான் காசு கட்டினார்கள். அது போதுமாக இருந்தது. எனக்கு ஆச்சரியம் தந்தது வேறொரு தகவல். இவர்கள் காசைத் திருப்பியும் கொடுத்தார்கள். ஏமாந்தவர் வங்கிக்கு முறையிட்டால் கடனட்டை வலையமைப்பில் இவர்கள் பெயரில் ஒரு புள்ளி ஏறும். புள்ளிகள் ஓர் எல்லையைத் தாண்டினால் கணக்கை மூடிவிடுவார்கள். அந்த எல்லையைத் தொடாத அளவுக்கு மட்டும், கேட்பவர்களில் சிலருக்குப் பணத்தைத் திருப்பித் தந்து சமாளித்தார்கள். வாடிக்கையாளர் சேவை என்று நாம் நினைப்பது அங்கே ஒரு கணக்கு.

வின்ஃபிக்சர் வழக்கில் 2012இல் கடைசியாக எஞ்சியிருந்த பிரதிவாதியான கிறிஸ்டி ரொஸ் என்பவருக்கு எதிராக 16 கோடி 30 இலட்சம் டொலர் தீர்ப்பு வந்தது. 2014இல் மேன்முறையீட்டிலும் அது உறுதியானது.

இனி மீண்டும் மரியாதையான கடை. இந்த வரலாற்றில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். ஒஃபிஸ் டிப்போ அமெரிக்காவில் எல்லாருக்கும் தெரிந்த காகிதாதிப் பொருள் கடைத்தொடர். கணினியைக் கொண்டுபோனால் பிசி ஹெல்த் செக் என்ற இலவசப் பரிசோதனை செய்து தந்தார்கள். மென்பொருளைக் கொடுத்தது சப்போர்ட்.கொம் என்ற நிறுவனம். பரிசோதனைக்கு முன் ஊழியர் நான்கு கேள்விகள் கேட்பார். விளம்பரச் சாளரம் அடிக்கடி வருகிறதா? கணினி மெதுவாக ஓடுகிறதா? வைரஸ் என்று எச்சரிக்கை ஏதும் வந்ததா? அடிக்கடி நின்றுபோகிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் அந்தப் பெட்டியில் ஒரு சரி அடையாளம். பிறகு பட்டை நகரும், கோப்புகள் ஓடும், சில நிமிடங்களில் தீய மென்பொருளின் அறிகுறிகள் காணப்பட்டன என்று முடிவு வரும்.

அந்த முடிவைத் தீர்மானித்தது சரி அடையாளம் மட்டுமே. ஸ்கேன் ஓடியது வெறும் காட்சிக்கு. கணினி மெதுவாக இருக்கிறது என்று சொல்லாத யாராவது கணினி திருத்தும் இடத்துக்குப் போவார்களா? முடிவைக் காட்டி 300 டொலர் வரை திருத்தச் சேவை விற்றார்கள். ஆணைக்குழுவின் கணக்குப்படி இது 2009இலிருந்து 2016 நவம்பர் வரை நடந்தது. குறைந்தது 2012இலேயே இது பொய் என்று கடை ஊழியர்கள் மேலிடத்துக்கு முறைப்பட்டிருந்தார்கள். கேட்பார் இல்லை. மாறாக, இத்தனை பரிசோதனை செய்ய வேண்டும், இத்தனை விற்க வேண்டும் என்று இலக்குக் கொடுக்கப்பட்டது. நின்றது எப்போதென்றால், சியாட்டில் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்றின் செய்தியாளர்கள் பெட்டியிலிருந்து பிரித்த புத்தம்புதிய கணினிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது. அவற்றிலும் அறிகுறி கண்டுபிடிக்கப்பட்டது. 2019 மார்ச்சில் இரு நிறுவனங்களும் 3 கோடி 50 இலட்சம் டொலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதில் இரண்டரைக் கோடி ஒஃபிஸ் டிப்போ தரப்பு.

கீவ் நகரத்துக் கள்ளனுக்கும் இந்தக் கடைக்கும் என்ன வித்தியாசம் என்று உயர்தர வகுப்புப் பிள்ளையொன்று என்னிடம் கேட்டது. கடைக்கு முகவரி இருந்தது என்றேன். அதனால்தான் பணம் திரும்பி வந்தது.

கைத்தொலைபேசிக்கு வந்தால் வேலை இன்னும் இலேசு. 2014 ஏப்ரலில் கூகுள் பிளேயில் வைரஸ் ஷீல்ட் என்ற எப் 3.99 டொலருக்கு விற்றது. பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் காசு கொடுத்து வாங்கினார்கள். கட்டண எப்களின் தரவரிசையில் முதலிடத்துக்கே வந்தது. அன்ட்ரொய்ட் பற்றி எழுதும் ஒரு செய்தித்தளம் அதன் உள்நிரலைப் பிரித்துப் பார்த்தது. கேடயப் படத்தைத் தொட்டால் புள்ளடி மாறிச் சரி அடையாளம் வரும். வேறு எதுவும் இல்லை. எந்தக் கோப்பையும் அது பார்க்கவே இல்லை. கூகுள் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

2019இல் ஒஸ்ட்ரியாவின் ஏவி-கொம்பரட்டிவ்ஸ் என்ற சோதனை நிறுவனம் 250 அன்ட்ரொய்ட் பாதுகாப்பு எப்களை 2000 தீய எப்களுக்கு எதிராகச் சோதித்தது. நூற்றுக்கு முப்பதாவது பிடித்து, நல்ல எப்பைத் தவறாகக் குற்றம் சாட்டாமல் தப்பியவை 80 மட்டுமே. மிச்சத்தில் சில, எப்பின் பெயரை மட்டும் பார்த்து, தன் அனுமதிப் பட்டியலில் இல்லாத எல்லாவற்றையும் ஆபத்து என்று சொல்லின. அவற்றில் சில தங்களையே ஆபத்தான எப் என்று காட்டின. எழுதியவர் தன் எப்பின் பெயரைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டாராம்.

2021 ஜூலையில் பெகசஸ் விவகாரம் வெடித்தது. பத்திரிகையாளர்களின் போன்கள்கூட உண்மையாகவே உளவு பார்க்கப்பட்டது உலகத்துக்குத் தெரிந்தது. பயத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. இரண்டரை மாதத்துக்குள், சர்வதேச மன்னிப்புச் சபையின் இணையத்தளத்தைப் போலவே ஒரு போலித் தளம் முளைத்தது. பெகசஸைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்ன ஒரு மென்பொருள் அங்கே இருந்தது. நிறுவினால் உள்ளே போனது சார்வென்ட் என்ற தீய மென்பொருள், உங்கள் கணினியைத் தூரத்திலிருந்து இயக்குவதற்கு. சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் ஆய்வுப் பிரிவு செப்டம்பர் இறுதியில் இதை வெளியிட்டது.

மன்னிப்புச் சபை உண்மையாகவே ஒரு கருவியை வெளியிட்டிருந்தது. அதைப் பயன்படுத்துவது எப்படி என்று பார்த்தால் போலிகளை அடையாளம் காண்பது சுலபம். போனின் பிரதியைக் கணினியில் எடுக்க வேண்டும், கட்டளை வரியில் கருவியை ஓட்ட வேண்டும், வருகிற தடயங்களை வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்க வேண்டும். கேடயமும் இல்லை, பச்சைச் சரி அடையாளமும் இல்லை. தடயம் கிடைக்காவிட்டால் போன் சுத்தம் என்று அர்த்தமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஐபோனில் ஓர் எப்புக்கு இன்னோர் எப்பின் உள்ளே எட்டிப்பார்க்க அனுமதியே கிடையாது. அப்படியிருக்க, எப் ஸ்டோரிலிருந்து இறக்கிய ஒன்று பத்து விநாடியில் போன் முழுக்கத் தேடி 14 பிரச்சினை என்று சொல்வது எப்படி? அன்ட்ரொய்ட் கொஞ்சம் தாராளம், ஆனால் அங்கேயும் எல்லைகள் உண்டு. பெகசஸ் மாதிரியான ஒன்று அந்த எல்லைகளுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்.

இது பழைய கதை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. 2024 மார்ச்சில் அதே ஆணைக்குழு, சைப்பிரஸிலிருந்து இயங்கிய ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. மைக்ரோசொஃப்ட்டிலிருந்து வருவதுபோன்ற எச்சரிக்கைச் சாளரம், பிறகு இலவச ஸ்கேன், பிறகு பயமுறுத்துகிற எண், பிறகு 27 முதல் 58 டொலர் வரை கட்டணம், அதன் பிறகு தொலைபேசியில் அழைத்து இன்னும் அதிக விலைக்கு நேரடித் திருத்தச் சேவை. கணினியின் நிலை எதுவாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான். 2 கோடி 60 இலட்சம் டொலருக்கு வழக்கு முடிந்தது. 2025இல் 7 இலட்சத்து 36 ஆயிரம் பேருக்குப் பணம் திருப்பி அனுப்பப்பட்டது.

அந்தப் பணத்தைப் பற்றி ஆணைக்குழு அறிவித்தபோது அதோடு இன்னொரு வரியையும் சேர்க்க வேண்டியிருந்தது. நாங்கள் திருப்பித் தருகிற பணத்தைப் பெறுவதற்கு எந்தக் கட்டணமும் இல்லை, யாராவது காசோ கணக்கு விபரமோ கேட்டால் கொடுக்காதீர்கள் என்று. ஏமாந்தவர்களின் பெயர்ப்பட்டியலும் சந்தையில் விலைபோகிற சாமான்தான்.